தூண்டில் வீசும்போது லைன் சிக்காமல் இருக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்ணூர் விரைவுச் சாலை ஓரம், கடலரிப்பைத் தடுக்கக் கொட்டியிருக்கும் கற்கள்மேல் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நின்றால் ஒரு காட்சி தவறாமல் கண்ணில் படும். நாலு மணிக்கு எழுந்து, தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வந்த ஒருவர், மீன் கடிக்கிற நேரத்தில் கடலைப் பார்க்காமல் மடியில் ரீலை வைத்துக்கொண்டு சிக்கு எடுத்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் போய் உட்கார்ந்தால் அவர் கேட்பதும், போன வாரம் வேறொருவர் கேட்டதும் ஒரே கேள்வியாக இருக்கும். அப்படிக் கேட்டவற்றை, கேட்டவர்கள் சொன்ன மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். நரம்பு, தங்கூசி என்று ஊருக்கு ஊர் சொல்வதை நான் பெரும்பாலும் லைன் என்றே எழுதியிருக்கிறேன். வலது கையில் ராடு பிடிப்பவர்களை மனதில் வைத்துச் சொல்கிறேன். இடது கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

அண்ணா, நான் சரியாத்தான் வீசுறேன். அப்புறம் ஏன் லைன் சிக்குது?

நீங்கள் சரியாகவே வீசியிருப்பீர்கள். தப்பு இந்த வீச்சில் நடந்திருக்காது, இதற்கு முந்தின வீச்சில் லைனைத் திரும்பச் சுற்றும்போது நடந்திருக்கும். இந்த ஒன்று மனதில் பதிந்தால் மற்ற பதில்கள் எல்லாம் தானாகப் புரியும்.

ஸ்பின்னிங் ரீலில், லைன் சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூல் சுற்றாமல் நிற்க, லைன் அதன் விளிம்பைத் தாண்டிச் சுருள் சுருளாகக் கழன்று போகிறது. ஒவ்வொரு சுருளும் தன் முறைக்குக் காத்திருந்து போனால் சிக்கே கிடையாது. சுற்றும்போது ஒரு சுருள் தளர்வாக விழுந்து, அதன்மேல் இறுக்கமான சுருள்கள் ஏறிவிட்டால், அடுத்த வீச்சில் மேலே போகிற லைன் அடியில் இருக்கும் தளர்ந்த சுருளையும் சேர்த்து இழுக்கும். நாலைந்து சுருள் கொத்தாகக் கிளம்பி, ராடின் முதல் வளையத்துக்குள் ஒரே நேரத்தில் நுழையப் பார்க்கும். அங்கே விழுவதுதான் நீங்கள் மடியில் வைத்துப் பிரிக்கிற அந்த முடிச்சு. காற்றினால் விழுகிற முடிச்சு என்று பலர் சொல்கிறார்கள். காற்றே இல்லாத ஏரியிலும் அது விழும்.

புதுசா ஆரம்பிக்கிறேன். சிக்கு கம்மியா விழுற ரீல் எது?

ஸ்பின்னிங் ரீல். கரையிலிருந்து வீச 3000 அல்லது 4000 அளவு, 8 முதல் 9 அடி ராடு போதும். ஸ்பூலே சுழலும் பெய்ட்காஸ்டர் ரீலை ஆறு மாதம் கழித்து எடுங்கள். அதைப் பற்றித் தனியாகப் பின்னால் சொல்லியிருக்கிறேன்.

ஸ்பூல் நிறைய லைன் சுத்தினா தூரமாப் போகும்னு கடையில சொன்னாங்களே?

பாதி உண்மை. ஸ்பூல் நிறைந்திருந்தால் லைன் விளிம்பில் உராயாமல் எளிதாகக் கழலும், தூரம் கிடைக்கும். ஆனால் விளிம்புவரை நிரப்பினால் சுருள்களைப் பிடித்து நிறுத்த எதுவும் இருக்காது. கொஞ்சம் தளர்ந்தாலும் தாமாகவே வழுக்கி வெளியே வந்துவிடும். விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் கீழே நிறுத்துங்கள். மோனோ என்கிற ஒற்றை நைலான் இழை விறைப்பாக இருப்பதால் அதற்கு 3 மில்லிமீட்டர் விடுவது நல்லது.

ஏற்கெனவே அதிகமாகச் சுற்றியிருந்தால் பத்துப் பதினைந்து மீட்டரை வெட்டி எடுத்துவிடுங்கள். மனசு வராதுதான். பல பேருடைய பிரச்சினை அந்த ஒரு வெட்டில் தீர்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

புது லைன்தான். முதல் நாளே ஸ்ப்ரிங் மாதிரி சுருண்டுக்கிட்டு வருது. லைன் மட்டமா?

லைன் நன்றாகத்தான் இருக்கும், அதை ரீலில் ஏற்றிய திசை மாறியிருக்கும். கடையில் வாங்கிய உருளையைத் தரையில் படுக்க வைத்து, லேபிள் மேலே பார்க்கும்படி விடுங்கள். லைனை ராடின் முதல் வளையம் வழியாக ரீலுக்குக் கொண்டுவந்து, இருபது சுற்று மட்டும் சுற்றி நிறுத்துங்கள். இப்போது ராடு நுனியை உருளைப் பக்கம் தாழ்த்தி லைனைத் தொய்ய விடுங்கள். தொய்ந்த லைன் சும்மா தொங்கினால் சரி. தன்னைத்தானே முறுக்கிக்கொண்டு பின்னல் போட்டால், உருளையைத் தலைகீழாகத் திருப்பி வையுங்கள். ரீல் ஒரு திசையில் சுற்றும், உருளையிலிருந்து லைன் அதற்குப் பொருந்தாத திசையில் கழன்றால் முறுக்கு ஏறிக்கொண்டே போகும். திருப்பி வைத்தால் ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடும்.

சுற்றும்போது ஒரு ஈரத் துணியை மடித்து, அதற்கு நடுவில் லைனை வைத்து இடது கையின் இரு விரலால் அழுத்திப் பிடிக்கச் சொல்லி யாரையாவது கூட நிறுத்திக்கொள்ளுங்கள். ஸ்பூலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தால் அமுங்கக் கூடாது, மரக்கட்டை மாதிரி இருக்க வேண்டும். பல இழைகளைப் பின்னிய பிரெய்டு லைன் என்றால் அடியில் சில மீட்டர் மோனோவைச் சுற்றிவிட்டு அதன்மேல் கட்டுங்கள். வெறும் ஸ்பூலில் பிரெய்டு பிடிமானம் இல்லாமல் மொத்தமாக வழுக்கிச் சுழலும்.

வீசுற முறையை முதல்ல இருந்து ஒரு தடவை சொல்லுங்களேன்.

ராடு நுனியிலிருந்து லூரோ (செயற்கை இரை) ஈயமோ ஒன்றரை முதல் இரண்டு அடி தொங்கட்டும். நுனியோடு ஒட்டி வைத்தால் ராடு வளையாது, வீச்சில் பலம் இருக்காது. லைனை ஸ்பூலில் வாரிச் சுற்றும் வளைந்த கம்பிதான் பெயில். அதன் முனையில் லைன் ஓடுகிற சின்ன உருளி உங்கள் சுட்டுவிரலுக்கு நேராக வரும்வரை கைப்பிடியைத் திருப்புங்கள். லைனை விரல் நுனியின் சதையில் தாங்குங்கள், மூட்டில் மாட்டாதீர்கள். இடது கையால் பெயில் கம்பியைத் திறக்கவும். பின்னால் ஆள் இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கவும். ராடு நுனியையும் ஒரு தடவை பார்க்கவும்.

ராடைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோங்கள். அங்கே ஒரு நொடிக்கும் குறைவாக நில்லுங்கள், எடை பின்னால் போய் ராடை இழுப்பது கைக்குத் தெரியும். பிறகு வலது கை முன்னே தள்ள, இடது கை ராடின் அடிக்கட்டையை வயிற்றுப் பக்கம் இழுக்க வேண்டும். இரண்டு கையும் சேர்ந்து வேலை செய்வதுதான் வீச்சு. மெதுவாக ஆரம்பித்து வேகத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். திடீரென்று வெட்டி இழுத்தால் ராடு நுனி நடுங்கும், அந்த நடுக்கம் லைனில் அலையாக ஓடும், அலை போகிற இடத்தில் சுருள் வளையத்தில் மாட்டும். பலமாக வீசினால்தான் தூரம் என்று நினைப்பவர்களுக்குத்தான் அதிகம் சிக்குகிறது.

விரலை எப்போ விடணும்னே தெரியல. ஒண்ணு வானத்துக்குப் போகுது, இல்லேன்னா காலடியில விழுது.

வானத்துக்குப் போனால் சீக்கிரம் விட்டுவிட்டீர்கள். காலடியில் அடித்தால் தாமதம். ராடு உங்கள் தலையைத் தாண்டி முன்னால் வந்து, தரைக்கும் நேர் உச்சிக்கும் நடுவில் சாய்ந்திருக்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்பாக விட வேண்டும். அந்த இடத்திலேயே ராடை நிறுத்தவும் வேண்டும். லூர் பறந்தபிறகு ராடை மெல்லத் தாழ்த்தி, அது போகிற திசையைக் காட்டியபடி பிடித்தால் லைன் வளையங்களில் நேராக ஓடும்.

இதைக் கடலில் பழகாதீர்கள். மைதானத்தில், முள் இல்லாமல், 20 கிராம் ஈயத்தை மட்டும் கட்டிக்கொண்டு முப்பது வீச்சு வீசிப் பாருங்கள். இரண்டு மாலை போதும், விரல் தானாகக் கற்றுக்கொள்ளும்.

கைப்பிடியைச் சுத்தினாலே பெயில் மூடிக்குதே, எதுக்குக் கையால மூடணும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

லூர் தண்ணீரில் விழுந்த கணத்தில் லைன் காற்றில் வில் மாதிரி வளைந்து தொங்கிக்கொண்டிருக்கிறது. அப்போது கைப்பிடியைச் சுற்றிப் பெயிலை மூடினால், ரீல் அந்தத் தொய்வையே முதலில் வாரிச் சுற்றும். முதல் இரண்டு சுருள் எந்த இழுவிசையும் இல்லாமல் ஸ்பூலில் பூ மாதிரி உட்காரும். சில நேரம் லைன் உருளிக்குள் போகாமல் பெயில் கம்பியிலேயே தங்கிவிடும். அதற்குப்பின் நீங்கள் நூறு சுற்று இறுக்கமாகச் சுற்றினாலும் அந்த இரண்டு சுருள் அடியில் காத்திருக்கும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். லூர் விழுந்ததும் இடது கையால் கம்பியைப் பிடித்து மூடுங்கள். டக் என்று சத்தம் வரும். உடனே அதே கையின் இரண்டு விரலால், உருளிக்கு ஒரு சாண் மேலே லைனைப் பிடித்து, ராடு நுனிப் பக்கமாக ஒரு இழு இழுங்கள். ஸ்பூலில் தளர்ந்திருந்த கடைசிச் சுருள் விறைப்பது கண்ணுக்கே தெரியும். அப்புறம் சுற்றுங்கள். மூடு, இழு, சுற்று. இரண்டு நொடி வேலை. எனக்குப் பக்கத்தில் நின்று பழகியவர்களில், இதை விடாமல் செய்தவர்களுக்குச் சிக்கு பெரும்பாலும் அந்த வாரத்திலேயே நின்றுபோனது. ரீலின் ஆயுளுக்கும் நல்லது, பெயில் மூடும் ஸ்ப்ரிங் அடிபடாது.

லூர் விழுறதுக்கு முன்னாடி சிலர் ஸ்பூல்ல விரல் வைக்கிறாங்களே, எதுக்கு?

தொய்வே விழாமல் தடுப்பதற்கு. லூர் தண்ணீரைத் தொடும் முன் கடைசிச் சில மீட்டரில் சுட்டுவிரலை ஸ்பூல் விளிம்பில் லேசாகப் பட விட்டால் லைன் ஓட்டம் தணியும். லூர் விழும் நேரத்தில் விரலை முழுதாக அழுத்தி நிறுத்திவிட்டால் லைன் நேராக நீண்டிருக்கும், வில் வளைவு இருக்காது. முந்தின கேள்வியில் சொன்ன இழுப்பு வேலையில் பாதி இங்கேயே முடிந்துவிடும். லூரும் தலைகீழாகப் புரளாமல் ஒழுங்காக விழும், முள் லைனில் மாட்டாது.

எதிர்க்காத்து அடிக்கும்போது என்ன செஞ்சாலும் சிக்குதே?

காற்றை வெல்ல முடியாது, அதற்கு ஏற்ற நேரத்தையும் இடத்தையும் தேர்ந்துகொள்ளலாம். சென்னைக் கடலோரத்தில் காலையில் தரையிலிருந்து கடலுக்குக் காற்று போகும். கோடையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று நுழைந்துவிடும், அது நேராக முகத்தில் அடிக்கும். காலை ஒன்பதுக்குள் வீசி முடிப்பவர்களுக்கு முதுகுக்குப் பின்னால் காற்று. அதே கல்லில் மதியம் நிற்பவருக்கு எதிர்க்காற்று. ராமேசுவரம், தனுஷ்கோடிப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னும் வசதி: தென்மேற்குக் காற்றுக் காலத்தில் ஆண் கடல் என்று சொல்லும் மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும்போது, பெண் கடலான பாக் நீரிணைப் பக்கம் அமைதியாக இருக்கும். வாடைக்காற்றுக் காலத்தில் இது தலைகீழ். சாலையின் எந்தப் பக்கம் இறங்குவது என்று காற்றைப் பார்த்து முடிவு செய்யலாம்.

வேறு வழியில்லாமல் எதிர்க்காற்றில் வீச வேண்டியிருந்தால் மூன்று மாற்றம் செய்யுங்கள். லூரைக் கனமாகவும் சின்னதாகவும் எடுங்கள்: மரத்தில் செய்த 20 கிராம் மீன் லூரைவிட 20 கிராம் உலோக ஜிக் காற்றைக் கிழித்துப் போகும். உயரமாக வீசாமல், தண்ணீரை ஒட்டித் தாழ்வாக, முடிந்தால் பக்கவாட்டில் வீசுங்கள். லூர் விழும்போது விரலால் நிறுத்துவதைக் கட்டாயமாக்குங்கள். பக்கக் காற்றாக இருந்தால் வீசியதும் ராடு நுனியைத் தண்ணீர்ப் பக்கம் தாழ்த்திவிட்டால் காற்றுக்குப் பிடிக்க லைன் கிடைக்காது.

மோனோ போடட்டுமா, பிரெய்டு போடட்டுமா? எது சிக்காது?

இரண்டும் சிக்கும், வேறு வேறு விதமாக. மோனோ ஸ்பூலின் வடிவத்தை நினைவில் வைத்துக்கொள்ளும், பல மாதம் கிடந்தபின் சுருள் சுருளாகக் குதித்து வரும். வீசப்போகும் முந்தின இரவு ஸ்பூலை வெதுவெதுப்பான தண்ணீரில் அரைமணி நேரம் போட்டு வைத்தால் இளகும். பிரெய்டுக்கு அந்த நினைவு இல்லை. ஆனால் அது தையல் நூல் மாதிரித் துவள்வதால் சின்னத் தளர்வும் சிக்காகும், சிக்கு விழுந்தால் பிரிப்பது கஷ்டம்.

முதல் மூன்று மாதத்துக்கு 0.30 அல்லது 0.35 மில்லிமீட்டர் மோனோ போடுங்கள். விலையும் குறைவு, தப்பையும் மன்னிக்கும். பிறகு பிரெய்டுக்கு மாறும்போது மிக மெல்லியதில் ஆரம்பிக்காதீர்கள். பிரெய்டின் தடிமனை பி.இ. என்ற எண்ணால் குறிப்பார்கள்: பி.இ. 1 என்று போட்டிருப்பது சுமார் 0.165 மில்லிமீட்டர், பி.இ. 2 சுமார் 0.235. பி.இ. 2 பழகுவதற்கு எளிது, கொடுவா, பாரை மாதிரி மீனுக்குப் பலமும் போதும். பிரெய்டு விரலை அறுக்கும், சுட்டுவிரலுக்கு ஒரு விரலுறை போட்டுக்கொள்ளுங்கள்.

பிரெய்டும் லீடரும் சேரும் முடிச்சு வளையத்துல டக் டக்னு தட்டுது. அதுவும் காரணமா?

ஆம், பல நேரம் அதுதான். வீச்சின் ஆரம்பத்தில்தான் லைன் மிக வேகமாக ஓடும். அப்போது முடிச்சு வளையத்தில் ஒரு கணம் தட்டி நின்றாலும், பின்னால் வருகிற சுருள்கள் அதை முந்திக்கொண்டு வந்து சுற்றிக்கொள்ளும். இரண்டு வழி இருக்கிறது. லீடரை, அதாவது லூருக்கு முன்னால் கட்டும் தனி நரம்பை, இரண்டு அடிக்குள் வைத்து, முடிச்சு ராடு நுனிக்கு வெளியிலேயே இருக்கும்படி வீசலாம். பாறை, சிப்பி உள்ள இடத்தில் நீண்ட லீடர்தான் வேண்டும் என்றால் எஃப்.ஜி. முடிச்சு பழகுங்கள், மெல்லியதாக வழுக்கிப் போகும். வெட்டிய நுனி எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒட்ட வெட்டுங்கள்.

ராடு நுனியில லைன் சுத்திக்கிட்டு லூர் அறுந்து பறந்துடுச்சு. ஏன்?

லூரைத் தூக்கி, அது ஊசலாடும்போது தொய்வு விழுந்து நுனி வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றியிருக்கும். நீங்கள் பார்க்காமல் வீசியிருப்பீர்கள். பிரெய்டில் இது அடிக்கடி நடக்கும். அதனால்தான் முன்பு வீசும் முறையில் நுனியைப் பார்க்கச் சொன்னேன். இரவில் கண்ணுக்குத் தெரியாது, அப்போது இடது கையால் லைனை இரண்டு அங்குலம் இழுத்துப் பாருங்கள். லூர் தடையில்லாமல் ஏறி இறங்கினால் நுனி சுத்தமாக இருக்கிறது.

பெரிய மீன் மாட்டி விட்டுப்போச்சு. அதுக்கப்புறம் லைன் ஒரே முறுக்கா இருக்கு.

மீன் லைனை உருவிக்கொண்டு ஓடும்போது நீங்கள் பதற்றத்தில் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்திருப்பீர்கள். டிராக் (மீன் பலமாக இழுத்தால் ஸ்பூலைச் சுழலவிடும் பிடி) வழுக்கும்போது கைப்பிடியைச் சுற்றினால் லைன் ஒரு அங்குலமும் உள்ளே வராது, முறுக்கு மட்டும் ஏறும். 5.2க்கு 1 என்ற பல்விகிதமுள்ள ரீலில் ஒரு சுற்றுக்கு ஐந்து முறுக்கு. இருபது சுற்றுக்கு நூறு. டிராக் சத்தம் கேட்டால் கைப்பிடியை விடுங்கள், மீன் நின்றதும் ராடைத் தூக்கி, தாழ்த்தும்போது சுற்றுங்கள்.

சுழலும் லூர்களும் முறுக்கு ஏற்றும். அவற்றுக்கு முன்னால் பால் பேரிங் உள்ள நல்ல சுழல் கொக்கி (ஸ்விவல்) ஒன்று கட்டாயம். ஏறிய முறுக்கை எடுக்க, நுனியில் எதையும் கட்டாமல் லைனை மட்டும் படகின் பின்னால் ஐம்பது அறுபது மீட்டர் விட்டு இழுத்துக்கொண்டு போங்கள். படகு இல்லாதவர்கள் ஓடுகிற ஆற்று நீரில் விடலாம், அல்லது புல்தரையில் விரித்துவிட்டு இழுத்தபடி நடக்கலாம். அப்படியே விரலுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்துத் திரும்பச் சுற்றுங்கள்.

ஈயம் போட்டு இறால் வீசுறேன். ரீல்ல சிக்கல, ஆனா முள் நரம்பு மெயின் லைன்ல பம்பரம் மாதிரி சுத்திக்குது.

இது கட்டின விதத்தில் வரும் சிக்கு. காற்றில் ஈயம் முன்னால் போக, இரை பின்னால் விசிறி மாதிரிச் சுழன்று வருகிறது. ஈயத்தை எல்லாவற்றுக்கும் அடியில் கட்டி, முள்களை அதற்கு மேலே சின்னக் கிளை நரம்பில் தொங்கவிடுங்கள். ஒரு கிளையின் நீளம், அடுத்த கிளைக்கு உள்ள தூரத்தில் பாதியைவிடக் குறைவாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் ஒன்று மற்றொன்றை எட்டவே முடியாது. கிளைக்கு மெயின் லைனைவிடத் தடித்த, விறைப்பான நரம்பு போடுங்கள்: மெயின் 0.35 என்றால் கிளை 0.50. விறைத்து நிற்கிற நரம்பு சுற்றிக்கொள்ளாது.

இறாலை மெல்லிய எலாஸ்டிக் நூலால் முள்ளோடு சேர்த்துச் சுற்றிக்கட்டினால் பறக்கும்போது படபடக்காது. ஈயம் தண்ணீரில் இறங்கும்போது லைனைத் தொய்ய விடாதீர்கள். விரல் வைத்து இறுக்கமாகவே அடிவரை இறங்கட்டும்.

அப்பா காலத்துல இருந்து கைத்தூண்டில்தான். பாட்டில்ல சுத்தி வீசுறோம். அதுக்கு ஏதாவது சொல்லுங்க.

ரீலைவிடக் கைத்தூண்டிலில் சிக்காமல் வீசுகிறவர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. பாட்டிலின் வாயைக் கடலைப் பார்க்கப் பிடித்து வீசினால் நரம்பு சுருள் சுருளாகக் கழன்று போகும், ஸ்பின்னிங் ரீல் செய்வதும் அதுவேதான். திரும்பச் சுற்றும்போது கவனியுங்கள். பாட்டிலைக் கையில் உருட்டி உருட்டிச் சுற்றினால், அடுத்த வீச்சில் ஒவ்வொரு சுருளுக்கும் ஒரு முறுக்கு ஏறும். பாட்டிலை அசையாமல் பிடித்து, நரம்பை அதைச் சுற்றிக் கொண்டுவந்தால் வீச்சில் ஏறியது சுற்றலில் இறங்கிவிடும். பழைய ஆட்கள் இதை யாரும் சொல்லாமலே செய்வதைப் பார்க்கலாம்.

பாட்டில் இல்லாமல் தரையில் இழுத்துப் போட்டு வீசுகிறவர்கள், நரம்பு விழுந்த குவியலை நகர்த்தாதீர்கள். கடைசியில் விழுந்த சுருள் மேலே இருக்கிறது, அடுத்த வீச்சில் அதுவே முதலில் போக வேண்டும். காலால் தட்டினாலோ, வாரி இடம் மாற்றினாலோ அந்த வரிசை கலைந்துவிடும். கல்மேல் நிற்பவர்கள் ஒரு அன்னக்கூடைக்குள் இழுத்துப் போடுவது நல்லது.

பெய்ட்காஸ்டர் வாங்கிட்டேன். ஒவ்வொரு வீச்சுலயும் குருவிக்கூடு. திருப்பிக் குடுத்துடலாமா?

வேண்டாம். இங்கே சிக்கின் காரணம் வேறு. ஸ்பூல் சுழன்று லைனைக் கொடுக்கிறது. லூர் வேகம் குறைந்தபிறகும் ஸ்பூல் அதே வேகத்தில் சுழன்றால், போக இடமில்லாத லைன் ரீலுக்குள்ளேயே பொங்கும். ஸ்பூலை லூரின் வேகத்துக்கு இழுத்துப் பிடிப்பதுதான் முழு வேலையும்.

முதலில் பக்கவாட்டில் உள்ள இறுக்கத் திருகு. லூரைக் கட்டி, ராடை நேராக நீட்டி, கட்டைவிரல் பட்டனை அழுத்தி விடுங்கள். லூர் மெதுவாக இறங்கித் தரையைத் தொட்டதும் ஸ்பூல் நிற்க வேண்டும். தொடர்ந்து சுழன்றால் இன்னும் இறுக்குங்கள். லூர் மாற்றும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். அடுத்து பிரேக்கை அதிக எண்ணில் வைத்து ஆரம்பியுங்கள். தூரம் குறையும், பரவாயில்லை. கட்டைவிரல் பழகப் பழக ஒவ்வொரு எண்ணாகக் குறைக்கலாம். எதிர்க்காற்றில் திரும்பக் கூட்டுங்கள்.

கட்டைவிரல்தான் உண்மையான பிரேக். விடும்வரை அழுத்தி, பறக்கும்போது முடி பட்ட மாதிரித் தொட்டும் தொடாமலும் வைத்து, லூர் தண்ணீரைத் தொடும் முன் முழுதாக அழுத்தி நிறுத்த வேண்டும். சிக்குகளில் பெரும்பகுதி இந்தக் கடைசி அழுத்தம் தாமதமானதால் வருவது. பழகும் நாட்களில், நீங்கள் வீசும் தூரத்துக்கு மேல் பத்து மீட்டர் கூடுதலாக லைனை உருவிவிட்டு, ஸ்பூலில் மீதி இருப்பதன்மேல் ஒரு துண்டு எலெக்ட்ரிக் டேப் ஒட்டுங்கள். எவ்வளவு பொங்கினாலும் சிக்கு டேப்பைத் தாண்டிக் கீழே போகாது.

சிக்கு விழுந்துடுச்சு. வெட்டாம எடுக்க முடியுமா?

முதல் விதி, இழுக்காதீர்கள். விழுந்த நிமிடத்தில் அது பெரும்பாலும் முடிச்சே இல்லை, ஒன்றுக்குள் ஒன்று நுழைந்த வளையங்கள்தான். நீங்கள் இழுக்கும்போதுதான் முடிச்சாகிறது. பிரெய்டு என்றால் சிக்கைத் தண்ணீரில் நனையுங்கள். ஒரு ஊக்கின் நுனியாலோ பல்குச்சியாலோ குவியலின் நடுவைக் குத்தி நெகிழ்த்துங்கள். வெளியே துருத்தும் வளையங்களை ஒவ்வொன்றாக எல்லாப் பக்கமும் அகலமாக்கிக்கொண்டே போனால், நடுவில் எது எதைப் பிடித்திருக்கிறது என்று தெரியும். அந்த ஒரு வளையத்தைப் பின்னுக்குத் தள்ளினால் மொத்தமும் அவிழும். நுனியைப் பிடித்து உள்ளே நுழைத்து எடுக்கும் வேலை பெரும்பாலும் தேவைப்படாது.

பெய்ட்காஸ்டருக்கு ஒரு எளிய முறை உண்டு. கட்டைவிரலால் ஸ்பூலை நன்றாக அழுத்தியபடி கைப்பிடியை மூன்று நாலு சுற்றுச் சுற்றுங்கள். பிறகு பட்டனை அழுத்தி லைனை மெதுவாக உருவுங்கள். மாட்டினால் மறுபடி அழுத்திச் சுற்றுங்கள். பார்க்கப் பயங்கரமான குருவிக்கூடுகூட நாலைந்து தடவையில் வந்துவிடும். பத்து நிமிடத்துக்கு மேல் ஆனால் வெட்டிவிடுங்கள். மோனோவில் மடிந்து வெள்ளைக்கோடு விழுந்த இடத்தையும் விட்டுவைக்காதீர்கள், மீன் மாட்டும்போது அங்கேதான் அறும்.

ஸ்பூல்ல ஒரு சின்ன வளையம் மட்டும் நீட்டிக்கிட்டு இருக்கு. அப்படியே வீசலாமா?

வீசக் கூடாது. முதல் பதிலில் சொன்ன தளர்ந்த சுருள் அதுதான், உங்கள் அதிர்ஷ்டம், விழுவதற்கு முன்பே கண்ணில் பட்டது. பெயிலைத் திறந்து உருவினால் எல்லாச் சுருளும் கலையும். பெயிலை மூடியே வைத்து, டிராக்கைத் தளர்த்தி, லைனைக் கையால் இழுங்கள். ஸ்பூலே சுழன்று லைன் ஒவ்வொரு அடுக்காக வரும். அந்த வளையம் வந்து தீர்ந்ததும் நிறுத்தி, டிராக்கைப் பழையபடி இறுக்கி, விரலால் லைனை அழுத்திப் பிடித்துக்கொண்டு திரும்பச் சுற்றுங்கள்.

வெட்டின லைனைக் கடல்ல போட்டா மக்கிடாதா?

மக்காது, நைலானும் பிரெய்டும் மக்குகிற பொருள் இல்லை. ஜனவரியிலிருந்து மார்ச் வரை சென்னைக் கரைக்குப் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. பாறையில் விட்டுப்போன ஒரு கொத்து லைன் ஆமையின் துடுப்பிலோ கடற்பறவையின் காலிலோ இறுகினால் அது அவிழ்க்க முடியாமல் சாகும். பையில் ஒரு மூடியுள்ள பழைய தண்ணீர் பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய லைனை விரல் நீளத்துண்டுகளாக நறுக்கி அதில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். நான் கிளம்பும்போது பக்கத்தில் கிடப்பதையும் பொறுக்கி அதில் போடுவேன், ஐந்து நிமிட வேலை.

நீங்க சொன்னது எல்லாம் செய்றேன். இருந்தும் இருபது வீச்சுக்கு ஒரு தடவை சிக்குது. இப்போ என்ன பார்க்கணும்?

சிக்கு எங்கே, எப்போது விழுகிறது என்று பாருங்கள், அதுவே காரணத்தைச் சொல்லும். வீசிய உடனே, லீடருக்குப் பக்கத்தில் என்றால் முடிச்சு வளையத்தில் தட்டுகிறது. வீச்சின் நடுவில் கொத்தாக என்றால் தளர்ந்த சுருள். தண்ணீரில் விழுந்தபின் என்றால் விரலால் நிறுத்தவில்லை. லைன் சும்மா தொங்கும்போதே பின்னிக்கொண்டால் முறுக்கு. சின்ன லூரைச் சுற்றும்போது எடை போதாமல் லைன் தளர்வாக ஏறுவதும் உண்டு. அப்படிப்பட்ட லூருக்கு, சுற்றும் நேரம் முழுதும் ராடு பிடித்த கையின் இரண்டு விரலுக்கு நடுவில் லைனை ஓடவிடுங்கள்.

அதிலும் பிடிபடவில்லை என்றால் கருவியைப் பாருங்கள். ஒரு துண்டுப் பஞ்சை ஒவ்வொரு வளையத்தின் உள்ளேயும் சுற்றித் தேயுங்கள், பஞ்சு இழை மாட்டினால் அந்த வளையத்தில் கீறல். ஸ்பூல் விளிம்பை நகத்தால் தடவுங்கள், கல்லில் விழுந்து சொட்டையாகியிருந்தால் நகம் தட்டும். கடைசியாக, பெயில் கம்பியின் முனையில் லைன் ஓடுகிற அந்தச் சின்ன உருளி. உப்பு காய்ந்து அது சுழலாமல் நின்றுபோனால், ஒவ்வொரு மீட்டர் லைனும் அதன்மேல் உராய்ந்து முறுக்கேறியே உள்ளே வரும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. லைனை அதன்மேல் வைத்து முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். சுழலவில்லை என்றால் குழாய்த் தண்ணீரில் கழுவி, துடைத்து, ரீல் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, லைனாலேயே பத்து இருபது தடவை சுழற்றிவிடுங்கள்.